கணையத்தில் கட்டி என்றால்: எது முதலில், எது பிறகு

ஸ்கேன் ரிப்போர்ட்டில் கணையத்தில் கட்டி என்று ஒரு வரி வந்துவிட்டால், அன்று இரவே வீட்டுக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி, "நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடணும்" என்னும். இன்னொன்று, "கத்தி பட்டா பரவிடும், நாட்டு மருந்து பார்ப்போம்" என்னும். இரண்டு பேச்சையும் சில நாள் தள்ளிவையுங்கள். கணையக் கட்டிக்கு வேகம் வேண்டும். ஆனால் அதைவிட வரிசை வேண்டும். எந்தச் சோதனையை எதற்கு முன்னால் செய்வது, எந்த முடிவை எந்தச் சோதனைக்குப் பிறகு எடுப்பது என்பது தடம் மாறிப்போனால், பிறகு எவ்வளவு பணம் செலவழித்தாலும் சரிசெய்ய முடியாத இடங்கள் சில உண்டு.

நான் மருத்துவம் படிக்கவில்லை. என் சித்தப்பாவுக்குக் கணையத்தில் அறுவை நடந்தபோது ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தது நான்தான். அதற்குப் பிறகு உறவில் யாருக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தாலும் எனக்கு போன் வரும். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்திலும் அளவிலும் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

கணையம் எங்கே இருக்கிறது

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே கிடக்கும் உறுப்பு கணையம். நீளம் ஏறக்குறைய 15 செ.மீ. வலப்பக்கத்தில் உள்ள தலைப்பகுதியை முன்சிறுகுடல் வளைத்துக்கொண்டிருக்கிறது. இடக்கோடியில் வால் மண்ணீரலைத் தொடுகிறது. செரிமான நொதிகளும் இன்சுலினும் இங்கேதான் சுரக்கின்றன. கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தநாளம் இந்தத் தலைப்பகுதியின் ஊடாகப் போய்த்தான் குடலில் திறக்கிறது. இந்த அமைப்பு மனதில் பதிந்தால் பாதி ரிப்போர்ட் தானாகப் புரியும். தலையில் கட்டி வந்தால் பித்தநாளம் நசுங்கி மஞ்சள் காமாலை வரும். வாலில் வந்தால் நசுங்குவதற்கு அங்கே பித்தநாளம் இல்லை. அதனால்தான் வால் கட்டிகள் பெரும்பாலும் வளர்ந்த பிறகே தெரியவருகின்றன.

நம் ஊரில் காமாலை என்றதும் கீழாநெல்லி. வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெயர் மட்டும் மருந்து கொடுத்தவருக்குப் போகும். அடைப்பால் வரும் காமாலை அப்படி இறங்காது. வலியோ காய்ச்சலோ இல்லாமல் கண் மஞ்சளாவது, உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போவது, மலம் சுண்ணாம்புபோல வெளுப்பது ஆகியவை சேர்ந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு வந்தால், பத்தியத்தில் ஒரு நாளும் கழிக்காமல் வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். இதுவரை சர்க்கரையே இல்லாதவருக்கு ஐம்பதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வந்து, கூடவே எடையும் குறைந்தால் அதுவும் கேட்கவேண்டிய கேள்விதான். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும் வலி, இன்னோர் அடையாளம். என் சித்தப்பாவுக்கு முதலில் வந்தது அரிப்பு. களிம்பு பூசிக்கொண்டிருந்தார்.

முதல் படி: ஸ்டென்டுக்கு முன்னால் சி.டி.

சாதாரண அல்ட்ராசவுண்டில் பித்தநாளம் வீங்கியிருப்பது தெரியும். குடல் காற்று மறைப்பதால் கணையம் சரியாகத் தெரியாது. அடுத்து வேண்டியது சி.டி. ஸ்கேன், எல்லா சி.டி.யும் போதாது. "பேன்க்ரியாஸ் புரோட்டோகால்" என்று கேட்டு எடுக்க வேண்டும். ரத்தக்குழாயில் காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி, அது தமனியிலும் பிறகு சிரையிலும் ஓடும் வெவ்வேறு நேரங்களில் மெல்லிய துண்டுகளாகப் படம் பிடிப்பார்கள். கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட, பக்கத்து ரத்தக்குழாய்களைத் தொடுகிறதா, சுற்றிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பார்ப்பதற்குத்தான் இந்த ஸ்கேன். முன்னதாக, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர் அதை ஸ்கேன் சென்டரில் சொல்லிவிட வேண்டும். ஃபிலிமும் தாளும் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டைக் கேட்டு வாங்குங்கள். அனுபவமுள்ள சர்ஜன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, படத்தைக் கணினியில் தானே ஓட்டிப் பார்ப்பார்.

வரிசை அடிக்கடி புரண்டுபோவது இந்த இடத்தில்தான். ரத்தத்தில் காமாலையின் அளவைக் காட்டும் பிலிரூபின் பத்து, பன்னிரண்டு என்று ஏறியிருக்கும். அருகிலுள்ள மருத்துவமனையில், "காமாலை இறங்கணும், உடனே இ.ஆர்.சி.பி. பண்ணி ஸ்டென்ட் வச்சிடலாம்" என்பார்கள். வாய்வழியாக என்டோஸ்கோப் விட்டு, அடைபட்ட பித்தநாளத்தில் சிறு குழாய் வைப்பது அது. வைத்துவிட்டால் காமாலை இறங்கும். ஆனால் ஸ்டென்டின் நிழலும், அதைச் செய்யும்போது சிலருக்கு வரும் கணைய அழற்சியும் சேர்ந்து பிறகு எடுக்கும் சி.டி.யைக் குழப்பிவிடும். கட்டி எது, வீக்கம் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே ஸ்டென்ட் வைப்பதானாலும் சி.டி. முடிந்த பிறகு வைக்கட்டும்.

எல்லாருக்கும் ஸ்டென்ட் தேவையும் இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பிலிரூபின் சுமார் 2.3 முதல் 14.6 வரை இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நேராக அறுவை செய்தார்கள். மற்றவர்களுக்கு முதலில் ஸ்டென்ட் வைத்துச் சில வாரம் கழித்துச் செய்தார்கள். கடுமையான சிக்கல் வந்தது முதல் வகையில் 39 விழுக்காடு, இரண்டாம் வகையில் 74 விழுக்காடு. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் இருந்தால், பிலிரூபின் மிக அதிகமாக ஏறியிருந்தால், கீமோவை முதலில் கொடுப்பதாக இருந்தால், அறுவைக்கான தேதி கிடைக்க நாளாகும் என்றால் ஸ்டென்ட் அவசியம். கீமோ கொடுக்கப்போகிறார்கள் என்றால், பிளாஸ்டிக் ஸ்டென்டைவிட உலோக ஸ்டென்ட் அடைபடாமல் அதிக நாள் நிற்கும். விலை கூடுதல். கேட்டு முடிவுசெய்யுங்கள்.

இரண்டாம் படி: எந்த வகைக் கட்டி

கணையத்தில் கட்டி என்பது ஒரே நோயின் பெயரல்ல. கணையப் புற்றுநோய்களில் பத்துக்கு ஒன்பது அடினோகார்சினோமா என்ற வகை. எல்லாரும் பயப்படுவது அதைத்தான். ஆனால் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று இன்னொன்று உண்டு. பொதுவாக மெதுவாக வளரும். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-ல் கண்டுபிடித்தது இந்த வகை. அவர் 2011 வரை இருந்தார். இவ்வகைக் கட்டி இரண்டு செ.மீ.க்குள் இருந்து, ஹார்மோன் தொல்லை எதுவும் இல்லாவிட்டால் உடனே அறுக்காமல் கண்காணிப்பதும் உண்டு. இதற்கு காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன் என்று தனி ஸ்கேன் இருக்கிறது.

நீர்க்கட்டிகள் வேறு கதை. சிலவற்றை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். சிலவற்றை, புற்றாக மாறும் என்பதால் எடுத்துவிட வேண்டும். இளம்பெண்களுக்கு வரும் சாலிட் சூடோபாப்பில்லரி என்ற கட்டி பார்க்கப் பெரிதாக, பயமுறுத்தும்படி இருக்கும். முழுதாக எடுத்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். பித்தநாளம் குடலில் திறக்கும் வாயிலேயே வரும் ஆம்புல்லா கட்டிக்கும், கணையத் தலைக் கட்டிக்குச் செய்யும் அதே அறுவைதான். ஆனால் சீக்கிரம் காமாலை காட்டிவிடுவதால் சீக்கிரம் பிடிபடுகிறது, பலனும் கூடுதல்.

கட்டிபோலத் தோன்றி ஏமாற்றுகிறவையும் உண்டு. ஆட்டோஇம்யூன் கணைய அழற்சி ஸ்டீராய்டு மாத்திரையில் கரையும், ஐ.ஜி.ஜி.4 என்ற ரத்தப் பரிசோதனை அதற்குத் துப்புக் கொடுக்கும். நம் நாட்டில் காசநோய்கூடக் கணையத்துக்கு அருகில் நெறிக்கட்டியாக வந்து புற்றுபோல நடிக்கும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சிறுவயதிலேயே கணையத்தில் கல் சேர்ந்து நாள்பட்ட அழற்சி வரும் ஒரு நோய் நெடுநாளாக அறியப்பட்டது. அந்தக் கணையத்தில் ஒரு தடிப்பு தெரிந்தால் அது அழற்சியா, புற்றா என்று தேர்ந்த கண்ணே தயங்கும். புற்று வரும் வாய்ப்பும் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது, அமெரிக்காவில் ஐந்தாண்டு தாண்டுகிறவர்கள் 13 விழுக்காடு என்ற கணக்கு. எல்லா நிலைகளையும் ஒன்றாகக் கூட்டிய சராசரி அது. உங்கள் வீட்டு நோயாளியின் வகையும் நிலையும் தெரிவதற்கு முன் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அழுவதில் பயனில்லை.

மூன்றாம் படி: பயாப்சி வேண்டுமா

"பயாப்சி எடுக்காமலே ஆபரேஷன்னு சொல்றாங்க, ஏமாத்துறாங்களோ?" என்று கேட்காத குடும்பம் இல்லை. ஏமாற்று இல்லை. சி.டி.யில் தெளிவாகத் தெரிந்து, எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால், பயாப்சி இல்லாமலே அறுவைக்குப் போவது உலகெங்கும் உள்ள நடைமுறை. ஊசியில் வந்த துணுக்கில் புற்று இல்லை என்று வந்தாலும் கட்டியில் இல்லை என்று உறுதியாகாது. எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். கீமோவை முதலில் தருவதாக இருந்தால் மட்டும் பயாப்சி கட்டாயம். வகை சந்தேகமாக இருந்தாலும் எடுப்பார்கள். வாய்வழியாக இரைப்பைக்குள் போய் அங்கிருந்தே அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசி போடும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட்தான் இதற்கு உகந்த வழி. ஊசி போட்டால் பரவும் என்ற பயத்துக்காக இதைத் தவிர்க்க வேண்டாம்.

சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையை எல்லாரும் எழுதுவார்கள். 37 வரை இயல்பு. காமாலை இருக்கும்போது புற்று இல்லாமலே அது ஏறும். சிலர் உடம்பில் இந்தப் பொருளே உருவாகாது. அவர்களுக்குப் பெரிய கட்டி இருந்தாலும் எண் ஏறாது. நோய் உண்டா இல்லையா என்று சொல்ல இது உதவாது. காமாலை இறங்கிய பிறகு ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்தால், சிகிச்சைக்குப் பின் ஒப்பிட உதவும்.

நான்காம் படி: நிலை என்ன

நிலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்று நான்கு ரத்தக்குழாய்கள். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, கல்லீரலுக்குப் போகும் தமனி, குடலிலிருந்து ரத்தத்தைத் திரும்ப எடுத்துவரும் சிரைகள். கட்டி இவற்றைத் தொடாமல் இருந்தால் எடுக்கலாம். கொஞ்சம் தொட்டால் எல்லைக்கோட்டு நிலை. தமனியைச் சுற்றிக்கொண்டிருந்தால் முதலில் அறுவை இல்லை. கல்லீரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவியிருந்தால் அறுவையே இல்லை. கண்டுபிடிக்கும் நேரத்தில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான், சில சமயம் அதற்கும் குறைவாக, நேராக எடுக்கும் வாய்ப்பு இருக்கிறது.

எல்லைக்கோட்டு நிலையில் "கீமோ கொடுத்துட்டு பார்ப்போம்" என்று சொன்னால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளல்ல. சில மாத கீமோவுக்குப் பிறகு அறுவைக்குப் போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த மாதங்களிலும் எந்த நோய் வேகமாகப் பரவும் சுபாவமுள்ளது என்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்டவருக்குப் பெரிய அறுவையைச் சுமத்தாமல் தப்பிக்க வைப்பதும் ஒரு லாபம். "திறந்து பார்த்தாங்க, மூடிட்டாங்க" என்ற பேச்சுக்கும் "கத்தி பட்டதால்தான் பரவிச்சு" என்ற நம்பிக்கைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. பழைய ஸ்கேன்களில் தெரியாத பரவல் வயிற்றைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. பரவியது கத்தியால் அல்ல, முன்பே பரவியிருந்தது. இப்போதும் சந்தேகம் இருந்தால், பெரிய அறுவைக்கு முன் லேப்ராஸ்கோப்பில் சிறு துளை வழியாக உள்ளே பார்த்துவிடுகிறார்கள்.

அறுவைக்கே இடமில்லை என்றாலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. காமாலைக்கும் அரிப்புக்கும் உலோக ஸ்டென்ட். குடல் அடைத்தால் அதற்கும் ஸ்டென்டோ மாற்றுப்பாதையோ. முதுகுவலிக்கு, நரம்புப் பின்னலில் மருந்து ஏற்றி மரத்துப்போகச் செய்யும் முறை. வலி நிவாரணப் பிரிவில் மார்ஃபின் மாத்திரை கேட்பதற்குத் தயங்கவே கூடாது. டாக்டர் கண்காணிப்பில் வலிக்குத் தேவையான அளவு எடுப்பவர் அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற பயத்தில் மனிதரைத் துடிக்கவிடுவது அநியாயம்.

இந்தக் கட்டத்துக்குள் நோயாளியிடம் சொல்வதா மறைப்பதா என்ற விவாதம் வீட்டில் முற்றியிருக்கும். என் கருத்து: சொல்லிவிடுங்கள். கீமோ வார்டில் உட்கார்ந்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரே சொல்லிவிடுவார். சித்தப்பாவிடம் டாக்டரே சொன்னார்: "சார், கணையத்துல ஒரு கட்டி இருக்கு. கெட்ட கட்டியா இருக்க வாய்ப்பு அதிகம். எடுக்க முடியுற இடத்துல இருக்கு." எங்களிடம் மறைத்துக்கொண்டிருந்த தலைவர் சித்தப்பாதான் என்பது அன்றைக்குத் தெரிந்தது, அவர் ஏற்கெனவே ஊகித்திருந்தார்.

ஐந்தாம் படி: எங்கே, யாரிடம்

எல்லா முடிவுகளிலும் பெரியது இது. தலைப்பகுதிக் கட்டிக்குச் செய்வது விப்பிள் அறுவை. ஜெர்மனியில் கௌஷ் 1909-ல் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார்; நியூயார்க்கின் ஆலன் விப்பிள் 1935-ல் முறைப்படுத்தி வெளியிட்டார். அவர் பெயரே நிலைத்தது. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சில சமயம் இரைப்பையின் அடிப்பகுதி, சுற்றியுள்ள நெறிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீதிக் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் குடலோடு இணைக்க வேண்டும். நான்கு மணி நேரம் முதல் எட்டு மணி நேரம் வரை ஆகலாம். கணையம் மென்மையானது, சர்ஜன்கள் வெண்ணெயில் தையல் போடுவதுபோல என்பார்கள்.

இவ்வளவு நுணுக்கமான வேலையில் பழக்கம்தான் உயிர். அமெரிக்காவில் முதியோரின் அறுவைக் கணக்குகளை எடுத்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு ஒரு கணைய அறுவைகூடச் சராசரியாக நடக்காத மருத்துவமனைகளில் இறப்பு 16.3 விழுக்காடு. ஆண்டுக்குப் பதினாறுக்கு மேல் நடக்கும் இடங்களில் 3.8 விழுக்காடு. கட்டடத்தின் பளபளப்போ அறையின் ஏ.சி.யோ இந்த வித்தியாசத்தைக் கொடுக்கவில்லை.

ஆகவே சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். "சார், வருஷத்துக்கு இங்க எத்தனை விப்பிள் நடக்குது? நீங்க எத்தனை பண்றீங்க?" இருபதுக்கு மேல் என்றால் நிம்மதி. ராத்திரி இரண்டு மணிக்கு உள்ளே ரத்தம் கசிந்தால், ரத்தக்குழாய் வழியாகப் போய் அடைக்கும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியாலஜிஸ்ட் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு உண்டா என்று கேளுங்கள். நல்ல சர்ஜன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே பதில்.

தமிழகத்தில் இதற்குத் தலைநகரத் தனியார் மருத்துவமனை மட்டுமே வழி என்பதில்லை. சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி ஆகிய இடங்களில் குடல் அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர், வேலூரில் சி.எம்.சி. இரண்டும் இத்தகைய அறுவைகளுக்குப் பேர்பெற்றவை. காத்திருக்கும் நாள் எவ்வளவு என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிறுதுளை அறுவையா, திறந்த அறுவையா என்பதில் குழம்ப வேண்டாம். கோவை ஜெம் மருத்துவமனையில் டாக்டர் பழனிவேலு குழுவினர் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், லேப்ராஸ்கோப்பியில் செய்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். நெதர்லாந்தில் அதையே பல மருத்துவமனைகளில் செய்துபார்த்த ஆய்வை, லேப்ராஸ்கோப்பிப் பக்கம் இறப்பு கூடுதலாகத் தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். அது 2019-ல் வெளியானது. கருவி ஒன்றுதான், கைகள் வேறு. உங்கள் சர்ஜன் எதில் அதிகம் செய்திருக்கிறாரோ அதில் செய்யட்டும்.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். முன் அனுமதி வர நாளாகலாம் என்பதால், எந்தெந்த ரிப்போர்ட் வேண்டும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். தனியாரில் "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொன்னால், ஐ.சி.யு. நாட்கள் நீண்டால், மறுபடி தியேட்டருக்குப் போக நேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். பட்ஜெட்டை உடைப்பது அறுவை அல்ல, அதற்குப் பிறகு வரும் சிக்கல்.

ஆறாம் படி: அறுவைக்கு முந்தைய வாரங்கள்

தேதி கிடைத்ததும் எல்லாரும் பார்க்க வந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிப்பார்கள். நோயாளியைப் படுக்கவைத்துவிடாதீர்கள். தினமும் நடக்கட்டும், முடிந்தால் மாடிப்படி ஏறட்டும். மூன்று பந்து உள்ள ஊதும் கருவியை இப்போதே வாங்கிப் பழகவேண்டும். அதில் ஊதுவதல்ல, உள்ளே இழுப்பதுதான் பயிற்சி. பீடி, சிகரெட், மது அன்றோடு சரி. முட்டை, மீன், பருப்பு, தயிர், பன்னீர் என்று புரதம் கூடட்டும். காமாலை இருந்ததால் ரத்தம் உறைவது குறைந்திருக்கும்; வைட்டமின் கே ஊசி போடுவார்கள். ரத்தம் மெலிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போடுகிறவர்கள் எப்போது நிறுத்துவது என்று கேட்கவேண்டும். சித்த மருந்தோ லேகியமோ எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை. வால்பகுதிக் கட்டி என்றால் மண்ணீரலையும் சேர்த்து எடுப்பது வழக்கம் என்பதால், குறைந்தது இரண்டு வாரம் முன்பே நியூமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் தடுப்பூசிகள் போட வேண்டும். இது மறந்துபோகும் விஷயம், நீங்கள் நினைவூட்டுங்கள். ரத்ததானத்துக்கு ஆட்களை முன்பே பேசிவையுங்கள்.

ஏழாம் படி: மருத்துவமனையில்

அறுவை முடிந்து ஐ.சி.யு.வில் பார்க்கும்போது மூக்கில் குழாய், சிறுநீர்க் குழாய், வயிற்றிலிருந்து நீரை வடிக்கும் ஒன்றிரண்டு டிரெயின் குழாய், முதுகில் வலிமருந்துக் குழாய் என்று இருக்கும். முதல்முறை பார்ப்பவருக்கு மயக்கம் வரும், ஆனால் அத்தனையும் இயல்பு. மறுநாளே உட்காரவைப்பார்கள், நடக்கவும் வைப்பார்கள். "பாவம், விடுங்கம்மா" என்று நர்ஸிடம் கெஞ்சாதீர்கள்.

எல்லாரும் பயப்படும் சிக்கல், கணையத்தையும் குடலையும் இணைத்த தையலில் கசிவு. நல்ல கைகளிலும் பத்தில் ஒருவர் இருவருக்கு இது பொருட்படுத்தவேண்டிய அளவில் வரும். மூன்றாம் நாள் வாக்கில் டிரெயின் நீரில் அமிலேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்ப்பது இதற்காகத்தான். கணையம் இறுகியிருந்தால் தையல் நிற்கும். மென்மையாக இருந்தால் கசியும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலான கசிவுகள் டிரெயினை அப்படியே வைத்துப் பொறுத்திருந்தால் அடங்கிவிடும், மறு அறுவை சிலருக்குத்தான். இரைப்பை சில நாள், சிலருக்குச் சில வாரம், வேலைநிறுத்தம் செய்வதும் உண்டு. சாப்பிட்டது வெளியே வரும், மனம் தளரும், பிறகு சரியாகும்.

அட்டெண்டராக இருப்பவர் டிரெயினில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். வைக்கோல் நிற நீர் சரி. நிறம் மாறினால் சொல்ல வேண்டும். திடீரென்று சிவப்பாக வந்தால், அளவு கொஞ்சமாக இருந்தாலும், வந்து நின்றுவிட்டாலும், அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட வேண்டும். பெரிய ரத்தப்போக்குக்குச் சில மணி நேரம் முன்னால் இப்படிச் சின்னதாக ஒரு அறிவிப்பு வருவது உண்டு. ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எட்டாம் படி: வீட்டுச் சாப்பாடு

டிஸ்சார்ஜ் ஆனதும் பெரியம்மாக்கள் பத்தியம் தொடங்கிவிடுவார்கள். எண்ணெய் ஆகாது, முட்டை சூடு, மீன் கூடாது, மிச்சம் கஞ்சி. இதனால்தான் பலர் அறுவையில் தப்பித்துச் சாப்பாட்டில் இளைக்கிறார்கள். பாதிக் கணையம் போனதால் நொதி குறைவு. சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் வெளியேறும். மலம் எண்ணெய்ப்பசையோடு மிதக்கும், நாற்றம் கூடும், கழுவினாலும் போகாது. அதற்கு மருந்து கணைய நொதி மாத்திரை. கிரியான் என்ற பெயரிலும் வேறு பெயர்களிலும் கிடைக்கிறது.

இதில் நடக்கும் குழப்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி. சாப்பிட்டு முடித்த பிறகு போடுவார்கள். முதல் வாய் உணவோடு போட வேண்டும்; பெரிய சாப்பாடு என்றால் பாதியை நடுவில். மென்றோ பொடித்தோ கொடுக்கக் கூடாது. காப்ஸ்யூலை விழுங்க முடியாதவர் பிரித்து உள்ளிருக்கும் மணிகளைப் பழக்கூழில் கலந்து விழுங்கலாம். சூடான உணவில் கலக்கக் கூடாது. காபி, பிஸ்கட்டுக்கும் சிறு அளவு வேண்டும். அளவு, கொழுப்பைச் செரிக்கும் நொதியான லைபேஸின் அலகில் எழுதியிருக்கும். முழுச் சாப்பாட்டுக்குப் பலருக்கு 40,000 - 50,000 அலகு தேவைப்படுகிறது. 10,000 அலகு ஒன்று மட்டும் எழுதியிருந்து மலம் இன்னும் மிதந்தால், டாக்டரிடம் அதைச் சொல்லி அளவைக் கூட்டக் கேளுங்கள். இந்த மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவருக்கும் இசுலாமியருக்கும் இதை முன்பே சொல்லிவிடுவதுதான் மரியாதை; உயிருக்குத் தேவை என்று தெரிந்து, தங்கள் பெரியவர்களிடம் கேட்டு அவர்களே முடிவெடுக்கட்டும்.

ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு இட்லியை ஒரு வேளை என்று கணக்கு வையுங்கள். நடுவில் அவித்த முட்டை, சுண்டல், மோர், மீன் குழம்பு எல்லாம் போகலாம், மாத்திரையோடு. வாரம் ஒருநாள் எடை பார்த்துக் காலண்டரில் எழுதினால் டாக்டருக்குப் பத்துக் கேள்வி மிச்சம். சர்க்கரை புதிதாக வரலாம், பழைய சர்க்கரை ஏறலாம், இன்சுலின் தொடங்கவும் நேரலாம். இந்தச் சர்க்கரை திடீரென்று இறங்கவும் செய்யும். இன்சுலின் போடுகிறவர் சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும். குளிர்நடுக்கக் காய்ச்சல் வந்தால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். பித்தநாளத் தொற்றாக இருக்கலாம். மண்ணீரல் எடுத்தவருக்கு எந்தக் காய்ச்சலும் அன்றே ஆன்டிபயாட்டிக் தொடங்கவேண்டிய காய்ச்சல்.

ஒன்பதாம் படி: பெரிய பயாப்சி ரிப்போர்ட்டும் அதன் பிறகும்

எடுத்த உறுப்பின் பரிசோதனை முடிவு வர ஒன்றிரண்டு வாரமாகும். அதில் நான்கு விஷயம் பாருங்கள்: கட்டியின் வகை, வெட்டிய ஓரங்களில் புற்று இருக்கிறதா, எத்தனை நெறிகள் பார்த்தார்கள், அவற்றில் எத்தனையில் புற்று. நியூரோஎண்டோகிரைன் என்றால், செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கே.ஐ.-67 விழுக்காடு முக்கியம்; 3-க்குக் கீழ் என்றால் மிக மெதுவான வகை.

அடினோகார்சினோமா என்றால், "எல்லாத்தையும் எடுத்தாச்சு, கீமோ எதுக்கு?" என்ற கேள்வி வரும். கண்ணுக்குத் தெரியாமல் தங்கியதற்காகத்தான். பிரான்சிலும் கனடாவிலும் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் பல மருந்துகள் சேர்ந்த, மாற்றியமைத்த ஃபோல்ஃபிரினாக்ஸ் கீமோ எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 54.4 மாதம், ஜெம்சிட்டபின் மட்டும் எடுத்தவர்களுக்கு 35 மாதம். உடல் தெம்பாக இருந்தவர்களைத் தேர்ந்து நடத்திய ஆய்வு அது, எல்லாராலும் அந்த கீமோவைத் தாங்க முடியாது. ஆனால் மூன்று மாதத்துக்குள் தொடங்கும் அளவுக்குத் தேற வேண்டும் என்பதால்தான் முந்தைய படியில் சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு வளர்த்தேன்.

அடினோகார்சினோமா வந்த எல்லாருக்கும் பி.ஆர்.சி.ஏ. (மார்பகப் புற்றோடும் தொடர்புடைய மரபணு) உள்ளிட்ட பரம்பரை மரபணுப் பரிசோதனை இப்போது பரிந்துரைக்கப்படுகிறது. ரத்தம் அல்லது உமிழ்நீர் போதும். மாற்றம் இருந்தால் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தே மாறலாம். பிள்ளைகள், உடன்பிறந்தவர்களும் சோதித்துப் பார்க்கலாம். "பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்துல இது எதுக்கு?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மார்பகப் பரிசோதனை எந்த வயதில் தொடங்குவது என்பதும் இந்தத் தாளில்தான் இருக்கிறது என்று கீமோ டாக்டர் சொன்னபிறகு, சித்தியே ரத்தம் கொடுக்க அனுப்பிவைத்தார்.

முதல் இரண்டு ஆண்டு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி.யும் சி.ஏ. 19-9-உம். பழைய சி.டி. தட்டுகளைத் தேதி எழுதி ஒரே பையில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் முழுப் பையையும் எடுத்துப்போங்கள். புதிய படத்தைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர்களால் எதையும் சொல்ல முடியும்.